ஓங்கல்

உங்கள் ஜீப்பின் கதவுக் கீல் துருவேறி இறுகியிருக்கிறது சார். வரும்போதே கவனித்தேன். பாம்பன் காற்றில் எந்த இரும்பும் அப்படித்தான் ஆகும்.

வலையில் சிக்கியதாக நீங்கள் மேசைமேல் வைத்திருக்கும் துப்பாக்கி நான் செய்ததுதான். மறைக்க ஒன்றுமில்லை. எண்பத்தாறில் என் லேத் பட்டறைக்கு அக்கரை இயக்கத்தின் பொறுப்பாளர் வந்தார். படகில் கொண்டுபோக வசதியான, உப்புக்குத் தாங்குகிற துப்பாக்கி வேண்டும் என்றார். அதுவரை படகு இஞ்சின்களுக்கு உதிரி பாகம் கடைந்துகொண்டிருந்தவன் நான்.

குழலைக் குட்டையாக வைத்தேன். ஒவ்வொன்றாகவும் சுடலாம், விசையைத் தள்ளினால் தொடர்ந்தும் சுடலாம். பூவரசங்கட்டையில் பிடி. நீளம் குறைவு, எடையும் குறைவு. டால்பினுக்கு எங்கள் கரையில் ஓங்கல் என்று பெயர். அந்தப் பெயரையே வைத்தேன்.

துருவுக்கு மருந்தும் நானே கண்டேன். வள்ளங்களுக்கு மீன் எண்ணெய் பூசுவார்கள். பலகையில் அது காய்ந்து தோல்போலப் படிந்து, உப்பை உள்ளே விடாது. பலகையைக் காப்பது இரும்பையும் காக்கும் என்று எல்லாத் துப்பாக்கிகளுக்கும் உள்ளும் புறமும் பூசினேன்.

சுட்டுப் பார்த்தவன் தவசி. என் தங்கை ராமலெட்சுமியின் புருஷன். உத்தரகோசமங்கைப் பக்கம் மிளகாய் போட்டு நொடித்துப்போய் என் பட்டறைக்கு வந்தவன். சவுக்குத் தோப்பில் சுட்டுக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்திச் சிரித்தான்.

"மச்சான், ஒங்க ஓங்கலுக்குச் சளி புடிச்சிருக்கு."

"ஒழுங்காப் புடிச்சுச் சுடு மாப்ள."

"புடிச்சுத்தான் சுடுறேன். இங்கன பாருங்க, எண்ணெய் பிசினாட்டம் இறுகி நிக்கி. தோட்டாவுக்குப் பின்னால அடைக்கிற போல்ட் முழுசா மூட மாட்டேங்குது. மூடாம வெடிச்சா மொகரைதான் போகும். பொறுப்பாளர்ட்டச் சொல்லிருவோம். பயலுக இதை நம்பிக் கடல்ல எறங்குறாய்ங்க."

"நானே சொல்றேன்" என்றேன்.

சொல்லவில்லை. பொறுப்பாளர் பார்க்க வந்த அன்று ஒன்றை மட்டும் மண்ணெண்ணெயில் கழுவி, இஞ்சின் ஆயில் விட்டுக் கொடுத்தேன். மயிலிறகுபோல இயங்கியது. "அருமையாச் செய்திருக்கிறியள்" என்று என் தோளைத் தட்டினார். இன்னும் நிறையச் செய்யச் சொன்னார்.

மற்றவற்றையும் கழுவியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு காலைப்பொழுது வேலைதான். ஆனால் பட்டறைப் பையன்கள் பார்ப்பார்கள். ஓங்கலில் குறை என்று பேச்சு கிளம்பும். ஒரு பொருள் பிறந்தவுடனேயே அதற்குக் கெட்ட பெயர் வாங்கித் தருவது நியாயமில்லை.

தவசியின் வாயை வைத்துக்கொண்டு நான் நிம்மதியாக இருக்க முடியாது. அவனுக்கு இந்தத் துப்பாக்கி பழக்கம், கூடவே கூட்டிப்போங்கள் என்று பொறுப்பாளரிடம் சொன்னேன். தவசி என்னிடம் ஒன்றுதான் கேட்டான்.

"எல்லாத்தையும் கழுவியாச்சா மச்சான்?"

"ஆச்சு மாப்ள. ஒன்னோடதை ரெண்டு தடவை கழுவிருக்கேன்."

சிரித்துக்கொண்டே படகேறினான். அவன் கையில் இருந்தது, எல்லாவற்றிலும் அதிகமாக எண்ணெய் குடித்த துப்பாக்கி. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அக்கரை நெருங்கும்போது ரோந்துப் படகு மறித்திருக்கிறது. ஓங்கல் ஒன்றும் வாய் திறக்கவில்லை. நீந்தித் தப்பிவந்த ஒருவன் சொன்னான்: தவசி போல்ட்டை அடித்து அடித்து மூடப் பார்த்தானாம். மூடாமலே வெடித்து முகத்தில் பாய்ந்ததாம். அதற்கு முன் "மச்சான் கழுவிட்டேன்னாரே" என்று மட்டும் சொன்னானாம். மற்றவர்களை ரோந்துக்காரர்கள் சுட்டார்கள்.

பட்டறையில் மிச்சமிருந்த ஓங்கல்களை இயக்கம் அள்ளிக்கொண்டுபோய்க் கடலில் போட்டது. ஒரு மழைக்காலத்தில் பிறந்தது, அடுத்த மழைக்காலத்தைப் பார்க்கவில்லை. அந்தப் படகில் போனவர்களுக்காக ஊரே அழுதது. ஓங்கலுக்காக யார் அழுதார்கள்? பதறாமல், நிதானமாகக் கையாண்டிருந்தால் அது சுட்டிருக்கும். தவசி அதை ஆரம்பத்திலிருந்தே நம்பவில்லை. நம்பாதவன் கையில் எந்தக் கருவி உழைக்கும்?

எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன் சார். ராமலெட்சுமி என் வீட்டில்தான் இருக்கிறாள், என் கையால்தான் சாப்பிடுகிறாள். அவளிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். என் துப்பாக்கியைக் கொன்றது தன் புருஷன்தான் என்று தெரிந்தால், பாவம், அவள் தாங்க மாட்டாள்.