உப்புப் போட்ட ஐஸும் சந்திரமதியின் மருந்தும்

என் பெயர் கனகராஜ். தகப்பனார் பெயர் முனியாண்டி. வயது 58. கம்போங் ராஜாவை அடுத்த தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருப்பின் மூன்றாவது லயத்தில் வசிக்கிறேன். தோட்டத்துத் தொழிற்சாலையில் இலை வாட்டும் வேலை. என் மனைவி சந்திரமதி, வயது 54, கொழுந்து பறிப்பவர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவியின் மருந்தில் நான் எதையோ கலந்துவிட்டதாக அவருடைய தம்பி மகேன் கொடுத்த புகாரின்பேரில், நான் தமிழில் சொல்வதைப் போலீஸ் கோப்பரல் யோகேஸ்வரி எழுதிக்கொள்கிறார்.

என் மனைவிக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை வியாதி. காலையும் மாலையும் இன்சுலின் ஊசியை நான்தான் போடுவேன். அவருக்கு ஊசியைப் பார்த்தாலே பயம். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

கடந்த டிசம்பர் 12ஆம் தேதி மழையில் மண் சரிந்து கரண்டுக் கம்பங்கள் விழுந்தன. பிரிஞ்சாங் வழியாக ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதையும் அடைபட்டது. வீட்டில் ஐஸ்பெட்டி நின்றுவிட்டது. அதில் அந்த மாதத்து இன்சுலின் நிரப்பிய ஊசிப் பேனாக்கள் எல்லாம் இருந்தன. மருந்து கெட்டுவிடுமே என்று பயந்து, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்போங் ராஜாவுக்குப் போய் மீன்காரரிடம் ஐஸ் வாங்கி வந்தேன். அதன் பிறகு அதை ஒரு நுரைப்பெட்டியில் கொட்டி, இரண்டு பாக்கெட் கல்லுப்பைத் தூவி, பேனாக்களை பிளாஸ்டிக் பையில் சுற்றி நடுவில் புதைத்தேன்.

உப்பு எதற்கு என்று கோப்பரல் கேட்டார். கல்யாணத்துக்கு முன் நான் மோட்டாரில் ஐஸ்கிரீம் விற்றவன். ஐஸோடு உப்பைக் கலந்தால் ஐஸ்கிரீம் கல்லாக நிற்கும். இந்தக் குளிர் ஊரில், மழை நாளிலும் என்னிடம் ஐஸ்கிரீம் வாங்கிய ஒரே ஆள் சந்திரமதி.

மாலையில் பேனாவை எடுத்தபோது மருந்து உறைந்திருந்தது. நல்ல குளிர்ச்சியில் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அதைக் கக்கத்தில் வைத்துக் கரைய வைத்தேன். கரைந்த பிறகு உள்ளே வெள்ளையாகத் திரிதிரியாக இருந்தது. குலுக்கிவிட்டுப் போட்டேன். அடுத்த மூன்று நாளும் தினமும் ஐஸையும் உப்பையும் மாற்றி, அதே மருந்தைத்தான் போட்டேன். சர்க்கரை பார்க்கும் மெஷினில் ரத்தம் வைக்கும் பட்டை தீர்ந்திருந்தது.

15ஆம் தேதி மனைவி தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதன் பிறகு வாந்தி எடுத்தார். மறுநாள் காலை கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை. அன்று பாதையில் ஒரு பக்கம் திறந்துவிட்டார்கள். பிரிஞ்சாங்கில் காய்கறி லோரி ஓட்டும் மகேன் அக்காவைப் பார்க்க வந்தான். அவன் லோரியிலேயே ஏற்றினோம். மருந்தை டாக்டருக்குக் காட்டப் பெட்டியையும் கூடவே எடுத்துக்கொண்டான். வழியில் ஒரு பக்கப் பாதைக்காக லோரி நின்றபோது பேனாவைத் தூக்கிப் பார்த்தவன், "உள்ள வெள்ளையா பொடி கெடக்கு. என்னத்த மச்சான் கலந்தீங்க?" என்று கேட்டான். நான் உப்பு என்றேன். பெட்டியில் போட்டதைச் சொன்னேன். அவன் ஊசியில் போட்டதாக எடுத்துக்கொண்டான். ஆஸ்பத்திரி வாசலில் என் சட்டையைப் பிடித்து, அக்கா பக்கத்தில் போகக்கூடாது என்று வெளியே நிறுத்திவிட்டு, புகார் கொடுக்கப் போனான்.

நான் வாசலில் மறுநாள் மதியம்வரை இருந்தேன். அதன் பிறகு டாக்டர் சசிரேகா என்னையும் திரும்பி வந்திருந்த மகேனையும் கூப்பிட்டார். பெட்டியில் மிச்சமிருந்த ஐஸில் அவர் தெர்மோமீட்டர் வைத்துப் பார்த்திருந்தார். பூஜ்யத்துக்குக் கீழே ஏழு டிகிரி.

"வெறும் ஐஸ் பூஜ்யத்துலதான் நிக்கும். உப்பு போட்டா வேகமா கரையும். கரையிறப்ப சுத்தி இருக்கிற சூட்டெல்லாம் இழுத்துக்கிட்டு இன்னும் கீழ போயிரும். உப்புத்தண்ணி ஒறையாது, நடுவுல இருக்கிற மருந்து ஒறைஞ்சிரும். ஒறைஞ்ச இன்சுலின் வேலை செய்யாது. அந்த வெள்ளைத் திரி வேற ஒண்ணும் இல்ல, கெட்டுப்போன மருந்துதான்" என்றார்.

அப்படியென்றால் எப்படி வைத்திருக்க வேண்டும் என்று கேட்டேன். "இந்த ஊர் குளிருக்கு, ஐஸே வேணாம் அங்கிள். அலமாரியில வச்சிருந்தாலே ஒரு மாசம் தாங்கியிருக்கும்" என்றார்.

மகேன் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

மகேன் மீது எனக்கு வருத்தம் உண்டா என்று கோப்பரல் கேட்டார். இல்லை. அவன் அக்காவுக்காக வந்தான். தவறு என்னுடையது, அது தெரியாமல் செய்தது.

18ஆம் தேதி மனைவிக்கு நன்றாக நினைவு வந்தது. மகேன் நடந்ததை எல்லாம் அவரிடம் சொன்னான். மாலை நேரம் நர்ஸ் புது ஊசியோடு வந்து, இனி அவரே போட்டுக்கொள்ளப் பழக்கித் தருவதாகச் சொன்னார். நான் கதவோரம் நின்றிருந்தேன். கிட்டே போகவில்லை.

"வேணாம்லா மிஸ்ஸி, அவரே போடட்டும். அவரு போட்டாத்தான் வலிக்காது" என்றார் மனைவி. மகேன் நகர்ந்து எனக்கு இடம் விட்டான். நான் ஊசியை வாங்கினேன். இந்த முறை மனைவி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடுங்க" என்றார். போட்டேன்.

கோப்பரல் இதை முழுக்க எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னதுதான் எழுதப்பட்டிருக்கிறது, நடந்ததைத்தான் நான் சொன்னேன். யாரும் வற்புறுத்தாமல் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) மு. கனகராஜ்