வெறும் அறையில் நூறு

இருந்தவர்கள்: தாவூது, மதலேனா, சரிபுதீன், கதை சொன்ன அருட்பிரகாசம். ஐஸ் தொழிற்சாலையில் கரண்ட் போய், இயந்திரங்கள் அடங்கிக் கிடந்த இரவு.

"என்ர மனுசியின்ர ஒன்றுவிட்ட தம்பி லோறன்ஸ்," என்று தொடங்கினார் அருட்பிரகாசம். "பூட்டை உடைச்சு வெளிய எடுத்ததிலயிருந்து, இந்தச் சித்திரை வெயிலிலயும் மூண்டு கம்பளிக்குள்ள கிடக்கிறான்."

"காய்ச்சலோ?" என்றாள் மதலேனா.

"காய்ச்சலெண்டால் நல்லதல்லோ. உடம்பு சுடவேணுமே."

பத்து மணிக்கு மேல் பேசாலை றோட்டில் கழுதைகள்தான் நடக்கும்... அந்த றோட்டோரத்தில் பழைய மீன் குளிரறை ஒன்று. ஆராய்ச்சிக்காரர் அதை எடுத்துச் சுவரெல்லாம் தக்கை அடித்திருந்தார்கள். சங்கு குளிக்கிறவனின் உடம்பு எவ்வளவு சூடு விடுகிறது என்று அளப்பதற்கு. ஆளை உள்ளே இருத்தி வெளியே பூட்டினால், வெளியே மேசையிலுள்ள மீற்றரின் முள் அதைக் காட்டும். பூட்டாவிட்டால் காட்டாது. சும்மா இருக்கும் மனிதன் நூறு வாட் பல்ப் அளவு சூடு விடுவான். பின்னேரத்தில் அப்படி ஒரு பல்பை உள்ளே எரித்து, முள் சரியா என்று பார்ப்பது லோறன்ஸின் வேலை.

அவன் முன்பு கடலில் கயிறு பிடித்தவன். சங்கு குளிக்கிறவன் தன் மனைவியின் சகோதரனிடம்தான் கயிற்றைக் கொடுப்பான். கூடப்பிறந்தவளை அறுதலியாக்க எவனும் கையை விடமாட்டான் என்ற நம்பிக்கை. அக்காள் செலீனாவின் புருசன் அமிர்தநாயகத்துக்கு லோறன்ஸ் கயிறு பிடித்தான். ஒருநாள் கயிறு மட்டும் மேலே வந்தது. உடம்பு கிடைக்கவில்லை. செலீனா கறுப்பு உடுக்கவில்லை.

"கயிறு பிடிச்சது நீ," என்பாள், சோறு கொண்டுவரும்போதெல்லாம். "அவர் இருக்கிறாரோ இல்லையோ, நீயே சொல்லு."

அன்றிரவும் வந்திருந்தாள். பல்ப் கழற்றி மேசையில் கிடந்தது. அறையில் ஆளில்லை, கதவு பூட்டு. முள் மெல்ல எழும்பியது. நாற்பது... எழுபது... நூறில் நின்றது.

லோறன்ஸ் திறந்து பார்த்தான். ஒருவருமில்லை. அழுகின சங்குச் சதையின் நாற்றம். சீமெந்துத் தரை நனைந்திருந்தது.

"மெசின் பழுது," என்றான்.

"பழுதெண்டு எப்பிடித் தெரியும்?"

அவனுக்கும் தெரிய வேண்டியிருந்தது. "நான் உள்ள போறன். பூட்டிப்போட்டுப் பார், அக்கா. நூறெண்டால் நான் மட்டும்தான். இருநூறெண்டால்..."

சாவியை அவள் கையில் வைத்தான்.

உள்ளே இருட்டு. கதிரையில் இருந்தான். பூட்டு விழுந்தது. தன் மூச்சைக் கேட்டான்... பிறகு இன்னொரு மூச்சு. முங்கப் போகிறவன் இழுப்பதுபோல, நீளமாக. அவனுடைய பிடரிக்குப் பின்னால்.

விரல் நுனிகள் குளிர்ந்தன. பிறகு முழங்கால். பிறகு நெஞ்சு.

"அக்கா, எவ்வளவு?"

கதவிலிருந்த பேச்சுக் குழாயில் அவள் குரல் வந்தது. "இருநூறு." அதில் சிரிப்பு இருந்தது.

"திற."

திறக்கவில்லை. பல் கிட்டியது. கையை உயர்த்திக் கதவைத் தட்டப் பார்த்தான். கை எழும்பவில்லை.

"நூற்றைம்பது," என்றாள் அவள். வெகுநேரத்துக்குப் பிறகு, "இப்ப நூறு."

கதவு திறந்தது. வெளிச்சம் கண்ணில் அடித்தது. ஈரக்கால்கள் சீமெந்தில் ஒட்டிப் பிரியும் சத்தம்... சளக்... சளக்... கதிரையைக் கடந்து போனது.

"வாங்கோ," என்றாள் செலீனா. தம்பியை அவள் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

கால்கள் வாசலைத் தாண்டின. அவற்றுக்குப் பின்னால் கதவு மூடியது. சாவி திரும்பியது.