இழவு அறிவித்தலில் யாருக்குத் தடித்த எழுத்து?

மாலையும் கழுத்துமாய் நடுக்கதிரையில் வீற்றிருக்கும் தலைவர், பெருமதிப்புக்குரிய தியாகலிங்கம் அவர்களே! இந்த வாசிகசாலையை வளர்த்தெடுத்த பெரியோர்களே! மடியில் பிள்ளையும் மனத்தில் பொறுமையுமாய் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கடல் கடந்து வந்திருக்கும் எழுவைதீவு உறவுகளே! உங்கள் அனைவர்க்கும் என் வணக்கம்.

எழுத்தின் பெருமையைப் பேசச் சொன்னார்கள். நம் அச்சுக்கூடத்துக்குத் தலைவர் வாங்கித் தந்த பெரிய அச்செழுத்தைப் பற்றியே பேசுகிறேன். என்ன எழுத்து ஐயா அது! தடித்த உடல்; இடையிலே ஒடுங்கி, முனையிலே துடுப்பின் அலகாய் விரியும் கோடுகள். ஒட்டவைத்த கொம்பில்லை, தொங்கவிட்ட குஞ்சமில்லை. கோடே விரிந்து காலாகி நிற்கிறது. சிறிதாய் அடித்தால் மை அடைத்துச் சுழியெல்லாம் மூடிவிடும். பெரிதாய் அடித்தாலோ, அடுத்த கரையில் நிற்பவரையும் கூப்பிடும். தொலைவுக்கென்றே பிறந்த எழுத்து!

அதை நாம் எதற்கு வைத்திருக்கிறோம்? புயல் எச்சரிக்கைக்கா? வள்ளம் ஓடாத நாளைச் சொல்லவா? இல்லை. 'உபயம்: தியாகலிங்கம்' என்று போடுவதற்கு! எந்த நோட்டீஸ் அடித்தாலும் உச்சியிலே அந்தப் பெயர், அந்த எழுத்திலே. நன்கொடையின் நிபந்தனை அது. திருவிழாவுக்குப் போடுங்கள், பொறுத்துக்கொள்கிறோம். இழவுக்குமா?

மெல்லப் பேசச் சொல்கிறீர்களா அண்ணை? ஏலாது. இன்றைக்கு ஏலாது.

கடல் கொந்தளித்தால் எழுவைதீவில் வள்ளம் அணையாது. இழவு அறிவித்தலைப் பலகையில் ஒட்டி, உயர்த்திப் பிடித்தபடி அந்தக் கரையோரமாய் வள்ளத்தை ஓட்டிப் போவார்கள். கரையில் நிற்பவர் வாசித்துக்கொள்வார். இது நம் வழக்கம். போன வாடைக்காலத்தில் இந்த ஊர்ச் சவிரிமுத்து இறந்தார். எழுவைதீவில் வாழ்க்கைப்பட்ட அவருடைய கூடப்பிறந்தவள் மரியமுத்து அக்கா அன்றைக்குக் கரையில்தான் நின்றார். பலகையைப் பார்த்தார். தெரிந்தது தலைவரின் பெயர் மட்டும். தம்பியின் பெயர் கீழே, சிலந்திக்கால் போன்ற எழுத்திலே கிடந்தது. விழா நோட்டீஸ் என்று எண்ணி, கருவாடு காயவைக்கத் திரும்பிவிட்டார். தம்பியைத் தமக்கையின் கண்ணீர் இல்லாமலே அடக்கம் செய்தோம். யார் செய்த பாவம் இது?

அக்கா இதோ தாய்மார் வரிசையில் இருக்கிறார். என்னிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "அவன்ரை பேர் தெரிஞ்சிருந்தா, நான் எப்பிடியும் வந்திருப்பன்."

வெட்கமாய் இல்லையா நமக்கு? எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. நிபந்தனையை நீக்கவேண்டும். நீக்கினால் எழுத்துகளைத் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று தலைவர் சொன்னாராம். எடுக்கட்டும்! கையாலே எழுதி ஒட்டுவோம், இறந்தவரின் பெயரைப் பெரிதாய் எழுதி ஒட்டுவோம்!

தலைவரவர்களே, கோபிக்கவேண்டாம். நீங்கள் நூறாண்டு வாழவேண்டும். ஆனால் என்றோ ஒருநாள் உங்களுக்கும் அறிவித்தல் அடிப்போம். இந்த எழுத்திலேதான் அடிப்போம். அன்றைக்கும் கரையில் நிற்பவர்கள் உங்கள் பெயரைப் பார்ப்பார்கள். வழக்கமான உபயம்தானே என்று தங்கள் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள்.

என் சினத்தையும் பொறுத்துச் செவிகொடுத்த சபைக்கு நன்றி. வணக்கம்.