அவ நின்னு படிக்கிற எழுத்து

இல்ல தம்பி, இதுவும் வேணாம். லீவு நாளும் அதுவுமா வீட்டுக்கே வந்து உயிரை வாங்குறேன், கோவிச்சுக்காதீங்க. இந்த ழ-வோட வாலைப் பாருங்க, கீழ் வரி தலையில போய் இடிக்குது. வரிக்கு வரி இன்னும் கொஞ்சம் இடம் விடுங்களேன். ஆங், அப்படித்தான். ஐயோ, இப்ப ரொம்பத் தள்ளிப் போச்சு. வீட்டுக்குள்ள பேச்சு வார்த்தை இல்லாதவங்க மாதிரி ஆளுக்கொரு பக்கம் உக்காந்திருக்கு.

எனக்கு என்னத்த தம்பி தெரியும்? எல்லாம் எம் பொண்ணு சொல்லிக் கேட்டதுதான். எழுத்து கண்ணை உறுத்துச்சுன்னா அவ படிக்கவே மாட்டா. ஒரு தடவை ஓட்டல்ல, மெனு கார்டுல நாலு விதமா எழுத்து இருக்குன்னு பசியோட எழுந்து வந்துட்டா. பின்னாடியே நானும் வந்தேன், வேற என்ன பண்றது. சிரிக்காதீங்க. நெட்டுல நான் எழுதுற இந்த பிளாக்கே அவளுக்காகத்தான். ஊரு உலகம் படிக்க வேணாம், அவ ஒருத்தி படிச்சா போதும்.

ஃபோனா? என் குரலைக் கேட்டாலே வச்சிடுறா. லெட்டர் போட்டேன், பிரிக்காமலே திரும்பி வந்துச்சு.

அந்த போட்டோ மேலயே இருக்கட்டும். ஆமா, அதான் என் ரூம். ஒரு ஜன்னல், ஒத்தை அடுப்பு. பாத்ரூமுக்குப் படி இறங்கிப் போகணும். குழாயில தண்ணி வராத கதையைக்கூட எழுதியிருக்கேன், தினமும் ஏதாவது எழுதிடுறேன். நான் மட்டும்தான் இருக்கேன். அவங்கப்பாவை விட்டுட்டு வந்துட்டேன் தம்பி. அந்த ஆளுகிட்ட அடி வாங்கிக்கிட்டு நீ அங்க இருக்கிற வரைக்கும் எனக்கு அம்மா இல்லன்னு சொல்லிட்டுப் போனவ அவ. வந்துட்டேன்னு நான் வாயால சொன்னா நம்ப மாட்டா. முன்னாடி ரெண்டு தடவை அப்படிச் சொல்லி, அவளை வரவழைச்சுட்டு, திரும்பிப் போனவதானே நான்.

அவரு சாயங்காலம் ஆனா தெருமுனையில வந்து நிக்கிறாரு. அழறாரு. எனக்கு என் மேலயே நம்பிக்கை இல்ல. இந்தத் தடவை அவ வரலன்னா நான் போயிடுவேன் தம்பி. போனா அவ்வளவுதான், அது எனக்கே தெரியுது.

இதோ, இந்த எழுத்து. இதை மாத்தாதீங்க. இது உறுத்தல. பின்னாடி வெள்ளையே இருக்கட்டும், பூவெல்லாம் வேணாம், பூவைப் பாத்தா மூடிடுவா.

இந்த வேலை தெரிஞ்சவங்க ஆயிரம் பேரு இருக்காங்கதான், இல்லன்னு சொல்லல. ஆனா நீங்கதான் வேணும். நாளைக்கு ஆபீசுல இதை உங்க ஸ்கிரீன்ல தொறந்து வச்சுட்டு, டீ குடிக்கப் போயிடுங்க. அவகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். எழுத்து நல்லா இருந்தா அவளே எட்டிப் பாப்பா. உங்க பக்கத்து சீட்டுலதானே இருக்கா.