மாப்பிள்ளைக்கு ஒரு வார்ம் அப்

குளிர்காலக் காலையில் எழுந்ததும் யாருடைய முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே தெரிகிறது, இடது தொடையில் இறுக்கம். போவதற்குள் ஒரு பயிற்சி சொல்லித் தருகிறேன்.

நான் சைக்கிள் சங்கத்தில் வார்ம் அப் வகுப்பு எடுப்பவன். பந்தயத்துக்கு முன்னால் கணுக்காலைச் சுழற்ற வேண்டும், இடுப்பைத் திருப்ப வேண்டும், ஸ்டாண்டில் நிறுத்திய வண்டியில் மெல்ல மிதித்து உடம்பைச் சூடேற்ற வேண்டும். செய்யாவிட்டால் தசை கிழியும். இதை நம்பித்தான் இத்தனை வருடம் என் பிழைப்பு ஓடியது.

என் தங்கை புருஷன் இதில் எதையும் செய்ய மாட்டார். சங்கத்தில் அவரைப் புயல் என்பார்கள். படுக்கையிலிருந்து எழுந்து கொட்டாவி விட்டுக்கொண்டே வருவார், வண்டியில் காலைத் தூக்கிப் போடுவார், ஜெயிப்பார். ஒவ்வொரு பந்தயத்திலும் அவருக்கு ஒரு சுளுக்காவது பிடிக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல எண்ணத்தில்தான். ஒரு தடவை பட்டால் திருந்திவிடுவார் அல்லவா?

ஒருநாள் என் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது கதவில் வந்து சாய்ந்து நின்றார். எங்கள் தபால்காரர் குனிந்து கால் கட்டைவிரலைத் தொடப் போராடிக்கொண்டிருந்தார்.

"வண்டில ஏறி நாலு மிதி மிதிச்சா தானா சூடாயிடும். எதுக்கு மச்சான் இவ்ளோ பேரைக் குனிய வைக்கிறீங்க?"

கெட்ட மனதோடு சொல்லவில்லை. அதுதான் சிக்கல். தபால்காரர் நிமிர்ந்தார், பிறகு குனியவே இல்லை. ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் என் தங்கை மட்டும் வந்தாள். அண்ணன் தனியாக நிற்கக் கூடாதே என்று வருவாள், பாயில் மல்லாந்து படுத்துத் தூங்கிவிடுவாள். தூங்குகிறவளைப் பார்த்து, மூச்சை இழு, மூச்சை விடு என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அதை மட்டும் அவள் பிசகாமல் செய்தாள்.

வாக்குமூலத்தில் பொறாமை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தை பொருந்தாது. எனக்கு அவர் கால்மேல் அக்கறை.

ஆண்டுப் பந்தயத்தன்று அவரைத் தனியே கூப்பிட்டு, இன்று ஒருநாள் எனக்காகச் செய்யுங்கள் மாப்பிள்ளை, தங்கச்சி முகத்துக்காகவாவது செய்யுங்கள் என்று கெஞ்சினேன். சிரித்துக்கொண்டே கூடவே வந்தார். மனிதர் தங்கமானவர்.

சங்கக் கட்டடத்தின் அடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை உண்டு. அங்கே ஸ்டாண்டில் ஒரு வண்டியை நிறுத்தி, ஹீட்டர் இரண்டையும் முன்பே முழு அளவில் திருகி வைத்திருந்தேன். கவனம் சிதறும் என்று போனை வாங்கிக்கொண்டேன். வியர்வையில் நனைந்துவிடும் என்று பந்தயச் சட்டையையும் வாங்கிக்கொண்டேன். ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, எல்லாம் பத்திரமாக என்னிடம். பிறகு கதவைச் சாத்திப் பூட்டினேன். காற்று புகுந்தால் சூடு தங்காது.

சற்று நேரம் சக்கரம் சுற்றும் சத்தம் வந்தது. அப்புறம் கதவு தட்டப்பட்டது.

"போதும் மச்சான். நல்லா சூடாயிடுச்சு. திறங்க."

"பேசாதீங்க மாப்ள, மூச்சு வாங்கும்."

தண்ணீர் கேட்டார். பந்தயத்துக்கு முன்னால் வயிறு கனக்கக் கூடாது என்று எடுத்துச் சொன்னேன். அவர் கத்தினார். நான் குரலை உயர்த்தவே இல்லை. பிறகு என் தங்கையைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். அதற்குள் மேலே மைக்கில் புயலை அழைத்துவிட்டார்கள். அவர் வரவில்லை என்றால் அவருக்குத்தானே கெட்ட பேர்? எங்கள் இருவருக்கும் ஒரே உயரம். அவர் சட்டையை நான் மாட்டிக்கொண்டேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அன்று நான் வார்ம் அப் செய்யவில்லை. கதவுக்கு வெளியே நின்று விளக்கியதிலேயே நேரம் போய்விட்டது. கால் பிடிக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை. அதைப் பற்றி இங்கே விரிவாகப் பேச வேண்டாம்.

இரண்டாவதாக வந்தேன். புயல் தோற்று யாரும் பார்த்ததில்லை. மைக்கை நீட்டினார்கள். இருமிக்கொண்டே, கரகரத்த குரலில் பேசினேன்.

"வார்ம் அப் பண்ணாம வந்துட்டேன். என் மச்சான் பேச்சைக் கேட்டிருக்கணும்."

தபால்காரர் தலையை ஆட்டினார். என் கண்ணாலேயே பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடி காப்பாற்றியது.

தங்கை துண்டோடு ஓடி வந்தாள். பாதி வழியில் என் முழங்காலைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"அண்ணா, அவர் எங்க?"

"கீழ இருக்காரும்மா. இன்னும் முடிக்கல."

அவள் ஓடினாள். சாவி என்னிடம் இருந்ததால் நானும் பின்னால் போனேன். அவர் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். திறந்ததும் எங்கள் காலடியில் சரிந்தார். சூட்டில் இதயம் நின்றுபோயிருக்கிறது என்றார் மருத்துவர். தங்கை என்னோடு பேசுவதில்லை. துக்கத்தில் இருக்கிறாள், போகப் போகச் சரியாகிவிடும்.

தட்டும் சத்தம் காதில் விழுந்ததா என்று மறுபடியும் கேட்கிறீர்கள். விழுந்தது. பந்தயத்துக்காக நான் படியேறும்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, மெதுவாக, விட்டு விட்டு. இப்படியே விட்டால் பிழைக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். சாவி கையில்தான் இருந்தது. இறங்கிப் போய்த் திறந்திருக்கலாம்.

ஆனால் பாதியில் நிறுத்தினால் உடம்பு ஆறிவிடும்.