ஒற்றைக் கையில் தூக்கிய கார்

அண்ணன்: ...நம்பினா நம்பு, நம்பாட்டிப் போ. உன் ரேஸ் காரை இந்த இடது கையால தூக்கினேன். வலது கையில டீ. ஒரு சொட்டு சிந்தல!

தம்பி: அண்ணே, இன்னைக்கு விட்டுடுங்க. வீடு இருக்கிற நிலைமையில...

அண்ணன்: இன்னைக்குக் காலையிலதான்டா! ரேஸுக்கு முன்னாடி. முன் டயருக்கு அடியில என் செருப்பு மாட்டிக்கிச்சு. காரோட மூக்கைப் பிடிச்சேன், பூப் பறிக்கிற மாதிரி...

தம்பி: ரிட்டையர் ஆனதுல இருந்து உங்க கைக்குப் பலம் கூடிக்கிட்டே போகுது. போன வாரம் பஸ்ஸு, இந்த வாரம் காரா?

அண்ணன்: பஸ்ஸு இரும்புடா. இது கார்பன் ஃபைபர் துணியைப் பசையோட அடுக்கி, நீ அடுப்புல வேகவச்சு எடுத்த உடம்பு. மூடியைக் கழட்டிக் கொடியில காயப்போட்டா காத்துல ஆடும்!

தம்பி: ஆடட்டும். ஈயத் தகடு இருக்குல்ல? ரூல்ல சொன்ன எடைக்குக் கீழ போயிடக் கூடாதுன்னு சீட்டுக்கு முன்னால போல்ட் போட்டு வச்சது? அதோட எவனும் ஒத்தைக் கையில தூக்க முடியாது.

அண்ணன்: அதைத்தான் நானும் யோசிக்கிறேன்...

தம்பி: என்னத்தை?

அண்ணன்: ஒண்ணுமில்ல. உன் மக வர்றா. வாம்மா ராசாத்தி, முகத்தைக் கழுவினியா?

மகள்: கப்பைத் திருப்பி வாங்கிட்டாங்க பெரியப்பா. முதல்ல வந்தேன்... எடை மேடையில ஏத்தி, காரும் நானும் சேர்ந்தே ரொம்பக் கம்மின்னு... எல்லார் முன்னாடியும்.

அண்ணன்: பார்த்தேம்மா.

மகள்: என்னாலதான். நானும் லேசா இருந்தா இன்னும் வேகமாப் போகும்னு ஒரு வாரமாப் பட்டினி கெடந்தேன். அப்பா உழைச்சதையெல்லாம் மண்ணாக்கிட்டேன். இனி ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டேன்.

அண்ணன்: கேட்டியாடா? ஒரு வாரப் பட்டினியில ஒரு பொண்ணு ஈயத் தகடு அளவுக்கா இளைப்பா?

தம்பி: ...அவ உடம்பு. அவதான் பார்த்திருக்கணும்.

அண்ணன்: ஓஹோ. சரி, நான் புளுகன். தூக்கவே இல்ல. செருப்பு தானா நடந்து வெளிய வந்துச்சு. அப்படியே வச்சுக்குவோமா?

மகள்: பெரியப்பா, இப்போ எதுக்கு அந்தக் கதை...

அண்ணன்: உங்க அப்பனைக் கேளு. பக்கத்துலதான் நின்னான்.

மகள்: தூக்கினாராப்பா?

தம்பி: நீ முதல்ல போய்ச் சாப்பிடும்மா.

மகள்: அப்பா, என்னைப் பாருங்க.

தம்பி: தூக்கினாரும்மா. ஒரே கையில... டீகூடச் சிந்தல. தகட்டை நான் முன்னாடியே கழட்டிட்டேன். நீ கடைசி ஆளா வந்து தலைகுனியக் கூடாதுன்னுதான்... முதல் மூணு பேரைத்தான் எடை போடுவாங்க. அதுல நீ வருவேன்னு நான் நினைக்கவே இல்லம்மா.