டார்ச் பிடித்தவள்

டார்ச் பிடிப்பதை ஒரு வேலையாக யாரும் மதிப்பதில்லை. பிடித்துப் பார்த்தால்தான் தெரியும், கை எப்படிக் கடுக்கும் என்று. எங்கள் வீட்டில் அவர் வேனைப் பிரிப்பார், நான் டார்ச் பிடிப்பேன். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் ஏற்பாடு.

வேன் ரொம்பக் கிழம். குளிர்காலத்திலும் மலைமேல் கடைகளுக்குச் சரக்கு ஏற்றிப் போவார். போனால் தங்கிவிட்டுத்தான் வருவார். அவர் இல்லாத வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளாது, ஐயா. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடப்பேன். துடைத்த மேஜையையே மறுபடி துடைப்பேன். "நீ என்ன சின்னப் புள்ளையா?" என்று சிரிப்பார். சிரித்துவிட்டுக் கிளம்பியும் விடுவார்.

வண்டிக்குள் ஹீட்டர் சரியில்லை என்றால் மட்டும் கிளம்ப மாட்டார். எஞ்சினிலிருந்து ஹீட்டருக்கு வெந்நீர் போகும் குழாயில் ஒரு சின்னத் திருகு உண்டு. அவரே எனக்குக் காட்டியதுதான். அதை முக்கால்வாசி மூடினால் உள்ளே வெதுவெதுப்பு மட்டும் வரும். மூடினேன்.

பாவம், தெர்மோஸ்டாட்டை மாற்றினார். ரேடியேட்டர் தண்ணீரை மாற்றினார். ஹோஸைக் கழற்றி ஊதிப் பார்த்தார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அதுதான். அந்தத் திருகு எப்போதும் திறந்தே இருப்பது என்பதால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. நானும் வெளிச்சத்தை அதற்கு ஒரு சாண் தள்ளியே பிடித்தேன். வேலை முடிந்ததும் கிரீஸ் கையோடு படியில் உட்கார்ந்து என்னோடு டீ குடிப்பார். அந்த நாட்களைப் போல நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை.

அவருடைய தம்பிதான் வந்து கெடுத்தான். "அதோட ஏன்ணே மல்லுக்கட்டுற? பேசாம கரியடுப்பு ஒண்ண உள்ள வச்சுக்கோ."

மூடிய இடத்தில் கரியடுப்பு எரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் சித்தப்பா அப்படித்தான் தூக்கத்திலேயே போனார். என் வீட்டுக்காரருக்கும் லேசாக ஒரு தயக்கம் இருந்தது. என்னைப் பார்த்தார்.

"உனக்குப் பயமா இருந்தா சொல்லு. பட்டறையிலயே விட்டுடறேன்."

பட்டறைக்காரன் போனட்டைத் திறந்ததும் கண்டுபிடித்துவிடுவான். அப்புறம் அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பது? ஒரு மனைவிக்கு மானம் என்று ஒன்று உண்டல்லவா.

"எதுக்குங்க வீண் செலவு? அடுப்பே போதும். கண்ணாடிய நல்லா ஏத்திவிட்டுக்குங்க, இல்லேன்னா சூடு வெளிய போயிடும்" என்றேன். கதவை நான்தான் சாத்தினேன்.

வழியில் ஓரங்கட்டிக் கண் அயர்ந்திருக்கிறார். எழுந்திருக்கவில்லை.

வேனைத் திரும்பக் கொண்டுவந்து விட்ட அன்று திருகைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, அவர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன். பாதம்வரை இதமாகச் சூடு வந்தது.

டார்ச் பிடித்தது நான்தான், ஐயா. அதை மறைக்கவில்லை. ஆனால் தேட வேண்டியவர் அவர்தானே?